பட்ட பாடு பட்டா ஆகாது

1870 ஆகஸ்டில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுத்தவர், ரட்லாந்து என்ற புல்வெளிப் பகுதியில் ஒரு குடும்பத்தைப் பதிவு செய்தார். சார்லஸ் இங்கல்ஸ், மனைவி கரோலின், மகள்கள் மேரி, லாரா, பிறந்து சில நாட்களே ஆன கேரி. அந்தப் பதிவேட்டிலேயே ஒரு குறிப்பும் எழுதிவைத்தார்: நிலம் ஓசேஜ் பழங்குடியினருடையது, குடியேறியவர்களுக்கு இதில் உரிமை கிடையாது.

அந்த லாராதான் பின்னாளில், 1935இல், ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி’ எழுதி உலகக் குழந்தைகளின் மனத்தில் இடம்பிடித்தவர்.

அக்குடும்பம் பட்ட பாடு கொஞ்சமல்ல. காட்டு மரத்தை வெட்டி இழுத்துவந்து வீடு கட்டினார்கள். மலேரியாவில் வீடே படுத்துவிட்டது. மருந்து கொடுத்துக் காப்பாற்றியவர் ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர். பின்பு மினசோட்டாவில் விளைந்த கோதுமையை வெட்டுக்கிளிகள் தின்று தீர்த்தன. ஒரு வயதுகூட நிறையாத மகன் இறந்தான். மேரிக்குக் கண்பார்வை போனது. 1880–81 குளிர்காலத்தில் டகோட்டாவில் பனியால் ரயில் நின்றுபோக, வைக்கோலை முறுக்கி எரித்தார்கள். காபிக்கொட்டை அரைக்கும் கைமில்லில் கோதுமையை அரைத்துச் சாப்பிட்டார்கள். இந்தக் கஷ்டங்களைக் கேலி செய்ய யாருக்கும் அருகதையில்லை.

ஆனாலும் கான்சாஸில் அவர்கள் கட்டியது ஆக்கிரமிப்பு வீடு. ஒப்பந்தப்படி ஓசேஜ் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் அது. குடியேறுவோருக்கு 160 ஏக்கர் தந்த 1862ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே செல்லாது. வேட்டைக்குப் போய்த் திரும்பிய ஓசேஜ் குடும்பங்கள், தங்கள் வயலிலும் வீட்டிலும் அந்நியர் இருக்கக் கண்டன. அரசு முகவர் ஐசக் கிப்சன் இந்த அநியாயங்களை மேலிடத்துக்கு எழுதினார். அரசு என்ன செய்தது? ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றவில்லை. 1870 ஜூலையில் சட்டம் போட்டு, ஏக்கர் 1.25 டாலருக்கு அவர்களே வாங்கிக்கொள்ள வழிசெய்தது. ஒப்பந்தத்தை நம்பிய ஓசேஜ் மக்கள்தான் இன்றைய ஓக்லஹோமாவுக்கு மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

முதல் குற்றவாளி அரசு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. இங்கல்ஸ் குடும்பமும் 1871இல் அந்த நிலத்தை வாங்காமலே திரும்பிப் போனது. அதற்காக சார்லஸைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட முடியாது. ஏழ்மை ஒருவனை ஊர்விட்டு ஊர் துரத்தலாம். அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டும் உரிமையை அது தருவதில்லை.

லாராவின் நூலின் முதல் பதிப்பு, செவ்விந்தியர் மட்டுமே வாழ்ந்த இடத்தை மனிதரே இல்லாத இடமாகச் சொன்னது. வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு 1953இல்தான் அது திருத்தப்பட்டது. 2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறார் பிரிவு, தன் விருதிலிருந்து லாராவின் பெயரை நீக்கியதை நாம் சரியென்றே சொல்வோம். நூலைத் தடைசெய்யச் சொன்னால் எதிர்ப்போம். பிள்ளைகள் அதைப் படிக்கட்டும். ஆனால் 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக் குறிப்பையும், ஓசேஜ் மக்கள் தங்கள் வாயால் சொல்லும் வரலாற்றையும் பள்ளிகள் அதே வகுப்பில் படிக்கக் கொடுக்க வேண்டும்.