டிரெய்லர் வாங்கவிருக்கும் சங்கங்களுக்கு

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரலை நாடி நாலா திசைகளிலிருந்தும் மக்கள் திரண்டு வருவது யாவரும் அறிந்ததே. அதே நாட்களில்தான் தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை வட்டாரங்களில் கார் சாகுபடிக்கான உழவும் நடவும் மும்முரமாக நடைபெறுகின்றன என்பதை வெளியூர் அன்பர்கள் அத்துணை அறியார். மழையில் நனைந்த ஒரே சாலையில் அருவிக்குப் போகும் வாகனங்களும் வயலுக்குப் போகும் இயந்திரங்களும் கலந்து செல்கின்றன. சேற்றில் உழைப்பதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரத்தைத் தார்ச்சாலை வழியே எங்ஙனம் கொண்டு சேர்ப்பது என்னும் கேள்வி, ஆகவே, நம் பக்கத்தில் அற்பமானதன்று.

இன்று தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல, பவர் டில்லர், நடவு இயந்திரம் முதலியவற்றை வாங்கி அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. கடன் பெறுவதும் முன்போல் அரிதன்று. 2020-இல் தொடங்கப்பெற்ற வேளாண் உட்கட்டமைப்பு நிதியின் கீழ், 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 7 ஆண்டுகள் வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. கடன் எளிதாகும்போது யோசனை குறைந்துவிடுகிறது என்பது நமது அனுபவம். இயந்திரத்தின் குதிரைத்திறனைப் பற்றி ஒரு மாதம் விவாதிக்கிறோம். அதைச் சுமந்து செல்லும் டிரெய்லரைப் பற்றி அரை நிமிஷமும் செலவிடுவதில்லை. மூன்று விலைப்புள்ளிகள் வந்தனவா, அவற்றுள் குறைந்தது எது, அத்துடன் காரியம் முடிந்தது.

நாம் இவ்வாறு எழுதக் காரணம் உண்டு. இவ்வட்டாரத்துச் சங்கமொன்று (பெயர் வேண்டா) பவர் டில்லருடன், மண்ணும் செங்கல்லும் ஏற்றும் சாதாரண டிப்பர் பெட்டி ஒன்றையும் வாங்கியது. பெட்டியின் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம். ஏற்றி இறக்க இரண்டு பலகைகள். முதல் கார் பருவத்திலேயே, மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், பலகை வழுகி, டில்லர் பின்னோக்கிச் சரிந்து, ஓட்டுநரின் கால் முறிந்தது. அவர் மூன்று மாதம் படுக்கையிலிருந்தார். அதற்குப்பின் அவ்வியந்திரத்தை ஏற்ற எவரும் முன்வரவில்லை. அது கிடங்குத் தாழ்வாரத்தில் நின்றது. தவணை மட்டும் நில்லாமல் ஓடிற்று. அங்கத்தினர்களோ கூடுதல் வாடகை கொடுத்துத் தனியார் இயந்திரங்களைக் கொண்டு உழுதனர். அந்த விலைப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்துக் கையொப்பமிட்டோரில் நாமும் உண்டு. தொகைகளைச் சரிபார்த்தோம், தளத்தின் உயரம் எவ்வளவு என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

டில்லரைத் தானாகவே ஓட்டிச் சென்றாலென்ன என்று சிலர் வினவுவர். பக்கத்து வயலுக்கு அது சரியே. ஆனால் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் அது ஓடாது. சேற்றுக்கு மாட்டிய கேஜ் வீலைக் கழற்றி ரப்பர்ச் சக்கரம் பூட்ட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் மீண்டும் மாற்ற வேண்டும். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டிச் சாலையைக் கொத்திப் போடுவோரைப் பற்றி இங்கே எழுதப் புகுந்தால் இடம் போதாது.

நெசவாள அன்பர்கள் நாம் சொல்ல வருவதை எளிதில் உணர்வார்கள். நூலின் நம்பரையும் துணியின் நெருக்கத்தையும் முடிவு செய்த பிறகன்றோ அச்சைத் தேடுகிறோம்? மலிவாகக் கிடைத்ததென்று ஓர் அச்சை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கேற்பப் பாவு ஓடுவாருண்டோ? டிரெய்லரும் அத்தகையதே. சுழல்கலப்பையோடு கூடிய 12 அல்லது 13 குதிரைத்திறன் டில்லர் ஒன்றின் எடை ஏறத்தாழ 400 முதல் 500 கிலோ. நடந்து இயக்கும் நான்கு வரிசை நடவு இயந்திரம் 200 கிலோவுக்கு உட்பட்டது. இவ்விரண்டும் ஒருசேர ஏறினாலும் ஒரு டன் ஆகாது. ஒன்றரை டன் தாங்கும் டிரெய்லர் தாராளமாகப் போதும். ஐந்து டன் பெட்டி எதற்கு?

எடையைவிட முக்கியமானது தளத்தின் உயரம். ஒரு மீட்டர் உயரத் தளத்திற்கு இரண்டு மீட்டர்ப் பலகை வைத்தால், 450 கிலோ டில்லரின் எடையில் பாதி, அதாவது 225 கிலோ, சரிவில் கீழ்நோக்கி இழுக்கிறது. கிளட்ச் வழுகினால் அவ்வளவையும் மனிதனே தாங்க வேண்டும், அவனால் ஆகுமா? தளம் 45 சென்டிமீட்டர் உயரமும், சாய்தளம் 1.80 மீட்டர் நீளமும் உடையதாயின் அவ்விழுப்பு நாலில் ஒரு பங்காக, சுமார் 112 கிலோவாகக் குறைகிறது. உயரமான பெட்டிக்கே நான்கு மீட்டர்ப் பலகை வைத்தும் இப்பயனை அடையலாம். ஆயின் அவ்வளவு நீளப் பலகை நடுவில் வளையும், அதைத் தூக்கி வைக்கவே இருவர் வேண்டும், மூன்றாம் நாள் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். ஆகையால் சக்கரங்கள் இருபுறமும் வெளியே அமைய, அவற்றினிடையே தளம் தாழ்ந்து, பின்கதவே சொரசொரப்பான இரும்புச் சாய்தளமாக இறங்கும் டிரெய்லரே நம் அபிப்பிராயத்தில் ஏற்றது. அதற்காக மேலும் தாழ்த்திவிடவும் கூடாது. வாய்க்கால் பாலத்து மேட்டில் அடித்தளம் தட்டும்.

இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டில்லரின் இடக்கைப் பிடியை அழுத்தினால் சமதரையில் அது இடப்பக்கம் திரும்பும். இறக்கத்திலோ, விசை துண்டிக்கப்பட்ட இடச்சக்கரம் தடையின்றி உருண்டு முந்திக்கொள்வதால், வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். பழகிய கைகளும் இதில் ஏமாறுகின்றன. சாய்தளத்தில் ஏறும்போது தாழ்ந்த கியரில் முன்னோக்கி, இறங்கும்போது தாழ்ந்த கியரில் பின்னோக்கி, பிடிகளைத் தொடாமல் நேராகச் செல்ல வேண்டும். புதிய ஓட்டுநருக்கு இதைக் காட்டிக் கொடுக்காமல் சாவியைக் கொடுப்பது சரியன்று.

இரு சக்கரமா, நான்கு சக்கரமா என்பது அடுத்த பிரச்சினை. நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே தாங்கும். ஆனால் பின்னோக்கித் தள்ளுவது பெரும்பாடு. சிற்றாற்றுக் கால்வாய்க் கரைப் பாதைகளில் திரும்ப இடமின்றிப் பின்னோக்கியே வரவேண்டிய நம்மவர்க்கு இரு சக்கரமே உதவும். அதில் பாரம் வைக்கும் முறையை இன்ஜினீயரிடம் கேட்க வேண்டியதில்லை. மாட்டுவண்டி ஓட்டிய பெரியவரைக் கேட்டாலே போதும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் மிகுந்தால் கழுத்து புண்ணாகும். டிராக்டருக்கும் அதே விதிதான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரை கொண்டியின்மேல் அமருமாறு இயந்திரத்தை அச்சுக்குச் சற்று முன்னே நிறுத்திக் கட்ட வேண்டும். பின்பாரமானால் டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து, ஈரச்சாலையில் டிரெய்லர் ஆடத் தொடங்கும். இன்னொன்று: இழுப்பு, டிராக்டரின் பின் அச்சுக்குக் கீழுள்ள இழுகம்பியிலிருந்தே அமைய வேண்டும். அச்சுக்கு மேல் எங்கேனும் மாட்டினால் மேட்டில் டிராக்டரே மல்லாந்துவிடும்.

இனி, நம்மோடு வாதிடுவோர் கூறுவதைப் பார்ப்போம். டிப்பர் பெட்டியானால் நெல் ஏற்றலாம், உரம் ஏற்றலாம், ஆண்டு முழுவதும் வாடகை வரும். தாழ்தள டிரெய்லர் பருவம் முடிந்தால் சும்மா கிடக்குமே என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. அங்கத்தினர் வயல்கள் யாவும் ரஸ்தா ஓரத்திலேயே அமைந்து, டில்லர் தானே போய்வரக்கூடிய சங்கத்திற்கு நாமும் டிப்பரையே சிபாரிசு செய்வோம். ஆனால் இயந்திரத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றால்தான் வாடகை என்னும் சங்கத்தில், ஏற்ற முடியாத இயந்திரம் ஈட்டுவது என்ன? பெட்டியின் வாடகையைக் கணக்கில் காட்டுவோர், தாழ்வாரத்தில் நிற்கும் டில்லரின் வட்டியையும் அதே பக்கத்தில் எழுதட்டும். மேலும், கழற்றி மாட்டும் பக்கப்பலகைகள் வைத்தால் தாழ்தள டிரெய்லரிலும் உர மூட்டைகளும் நூல் பேல்களும் ஏற்றலாம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் ஒரு மோட்டார் வாகனமாகவே கொள்கிறது. ஆகவே பதிவு வேண்டும். இன்ஷூரன்ஸிலும் அது சேர்ந்திருக்க வேண்டும். பட்டறையில் செய்து வாங்கும் மலிவான டிரெய்லருக்கு உரிய சான்றில்லையேல் பதிவு கிடைப்பது துர்லபம். பின்விளக்கு, சிவப்புப் பிரதிபலிப்பான், சக்கரங்களுக்குத் தனி பிரேக், கொண்டிப் பின்னுக்குப் பூட்டூசி, அது கழன்றால் தாங்கும் சங்கிலி ஆகியவற்றில் சிக்கனம் கூடாது. சாரல் காலத்து அந்தி நேரத்தில் குற்றாலம் சாலையில் விளக்கில்லாத டிரெய்லரின் பின்னே சென்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இயந்திரத்தைக் கட்டக் கயிறு உதவாது. நனைந்து, காய்ந்து, தளர்ந்துவிடும். ராட்செட் பட்டைகள் நான்கு கொண்டு, கைப்பிடியிலன்றிச் சட்டத்திலேயே கட்டுக. டில்லரோடு நடவு ஆட்களையும் ஏற்றிச் செல்லும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும்.

பெல்ட் வண்டி என்று வழங்கும் அறுவடை இயந்திரத்தையும் இதிலேயே ஏற்றலாமா என்று ஒரு காரியதரிசி நம்மைக் கேட்டார். அதன் எடை மூன்று டன் அளவில் இருக்கும். கூடாது, அதற்கு லாரியே தக்கது.

மேற்சொன்ன சங்கம் இப்பொழுது வேறு டிரெய்லர் வாங்க யோசித்து வருகிறது. இம்முறை விலைப்புள்ளி கோரும் படிவத்தில், தொகைக்கு முன்பாக, தளத்தின் உயரம், சாய்தளத்தின் நீளம், தாங்கும் எடை, பிரேக்கின் விவரம், பதிவுக்குரிய சான்று ஆகியவற்றை எழுதித் தருமாறு சேர்த்திருக்கிறோம். கால் முறிந்த ஓட்டுநரையே பட்டறைக்கு அழைத்துச் சென்று, டில்லரை அவர் கையாலேயே ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுப்பதென்றும் முடிவாகியிருக்கிறது. அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மழைநாளில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.