மலிவுப் பிரளயமும் மலிவுச் சமாதானமும்

சினிமா என்பது பொழுதுபோக்குக்காக ஏற்பட்டதுதானே, அதைப்பற்றி ஒரு பகுத்தறிவுப் பத்திரிகை மெனக்கெட்டு எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். பொழுதைப் போக்குவதோடு அது நின்றுவிடுமானால் நாமும் எழுத வேண்டியதில்லை. ஆனால் பொழுதோடு சேர்த்துப் பார்க்கிறவனுடைய அறிவையும் போக்கிவிட்டு, அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்ளுகிற படங்கள் இருக்கின்றன. அதைவிட வேடிக்கை என்னவென்றால், அப்படிக் கூலி கொடுத்தவர்களே அந்தப் படத்துக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு பேசுவதுதான். ஆகவே நாம் இங்கு படத்தைவிடப் படம் பார்த்தவர்களின் அபிப்பிராயத்தைப் பற்றியே முக்கியமாகச் சொல்லப் போகிறோம்.

அமெரிக்காவில் ‘தி அசைலம்’ என்று ஒரு சினிமாக் கம்பெனி 1997-ம் வருஷத்தில் ஏற்பட்டது. பெரிய கம்பெனிக்காரர்கள் கோடிக்கணக்கில் கொட்டி எடுக்கிற படத்தின் பெயரையும் சாயலையும் பார்த்துக்கொண்டு, அதே மாதிரி ஒன்றைச் சொற்பச் செலவில் அவசர அவசரமாக எடுத்து விற்பதில் அது பேர்போனது. ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்று ஒருவர் எடுத்தால் இவர்கள் ‘டிரான்ஸ்மார்ஃபர்ஸ்’ என்று எடுப்பார்கள். இந்தக் கம்பெனி 2008-ம் வருஷம் ‘2012: டூம்ஸ்டே’, அதாவது ‘2012: பிரளய நாள்’ என்று ஒரு படம் வெளியிட்டது. 2012-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி உலகம் அழியப் போகிறது. மாயர்கள் என்ற பழைய ஜாதியாரின் பஞ்சாங்கம் அந்த நாளோடு முடிகிறது. அமெரிக்க சர்க்காரின் விண்வெளி ஆராய்ச்சி இலாகாவாகிய நாசாவின் விஞ்ஞானிகளும் அன்று பூமியின் துருவம் புரளுமென்று காண்கிறார்கள். முன்பின் அறியாத நான்கு பேர் பக்தி யாத்திரையாக மெக்சிகோ தேசத்துப் பழங்கோயில் ஒன்றுக்கு இழுக்கப்படுகிறார்கள். இதுதான் கதை.

இந்த மாதிரிப் படங்களைப் பார்த்தவர்கள் சொல்லும் அபிப்பிராயங்களை நாலு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையார், “பாவம், கையில் காசில்லாமல் எடுத்த படம், அதில் போய் அறிவைத் தேடலாமா?” என்கிறார்கள். இரண்டாவது வகையார், “படம் மகா மோசம், அந்த மோசத்தைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே பார்த்தோம்” என்கிறார்கள். மூன்றாவது வகையார், “கதை என்றால் பொய்தானே, பொய்யில் தப்பென்ன?” என்கிறார்கள். நாலாவது வகையார், “படம் மட்டந்தான், ஆனாலும் அந்த மாயர் கணக்கில் ஏதோ விஷயம் இருக்கிறது” என்று தலையை ஆட்டுகிறார்கள்.

முதல் வகையாரின் சமாதானத்தைப் பார்ப்போம். காசு இல்லாததால் கட்டிடம் இடிவது அட்டைப்பெட்டி இடிவது போல் தெரிகிறதென்றால் அதை நாம் மன்னித்துவிடலாம். நடிப்பவர்கள் மரம்போல் நின்றாலும் மன்னித்துவிடலாம். ஆனால் அறிவுக்கு என்ன விலை? மாயர் பஞ்சாங்கம் என்ன சொல்லுகிறது என்று ஒரு புஸ்தகசாலையில் உட்கார்ந்து ஒரு நாள் படித்துப் பார்க்க எத்தனை டாலர் வேண்டும்? இதே 2012 பிரளயத்தை வைத்து 2009-ம் வருஷத்தில் ரோலண்ட் எம்மரிக் என்பவர் ‘2012’ என்ற பெரிய படத்தைச் சுமார் 20 கோடி டாலர் செலவில் எடுத்தார். அங்கே காசுக்குப் பஞ்சமில்லையே, அறிவு பொங்கி வழிந்ததா? சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் பூமியின் வயிற்றைக் கொதிக்க வைத்தன என்று அதில் காட்டினார்கள். அந்தத் துகள்களோ நம் உடம்பில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் வினாடிக்குச் சுமார் 6,500 கோடி வீதம் இப்போதும் புகுந்து வெளியேறிக்கொண்டுதான் இருக்கின்றன, யாரும் கொதிக்கவில்லை. அதுவும் போதாமல், மனித ஜாதியைக் காப்பாற்ற ஒரு ஸ்தாபனம் இருப்பதாகவும், பிழைக்கப் போகிறவர்களுக்குச் சீட்டுக் குலுக்குவதாகவும் நிஜம்போலவே விளம்பரம் செய்தார்கள். ஆகவே சிறிய முதலாளி சிறிய புரட்டும், பெரிய முதலாளி பெரிய புரட்டும் செய்தார்களே ஒழிய, காசு குறைவுக்கும் புரட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது வகையார் தங்களை மகா புத்திசாலிகள் என்று எண்ணிக்கொள்ளுகிறவர்கள். “நாங்கள் நம்பவா பார்க்கிறோம், கேலி செய்யத்தானே பார்க்கிறோம்” என்பது இவர்கள் வாதம். நல்லது, சிரிக்கட்டும். ஆனால் கம்பெனிக்காரனுடைய பெட்டியில் விழுகிற காசில், நம்பினவன் காசு எது, கேலி செய்தவன் காசு எது என்று முத்திரை குத்தியா இருக்கிறது? முதல் படம் விலைபோனதென்று கண்டவுடன் அதே கம்பெனி 2009-ல் ‘2012: சூப்பர்நோவா’ என்றும், 2011-ல் ‘2012: ஐஸ் ஏஜ்’ என்றும் மேலும் இரண்டு படங்கள் எடுத்தது. ஒன்றில் துருவம் புரண்டு சாக வேண்டும்; இன்னொன்றில் நட்சத்திரம் வெடித்துச் சாக வேண்டும்; மற்றொன்றில் பனிக்கட்டியில் சாக வேண்டும். ஒரே வருஷத்துக்கு மூன்று விதமான சாவு! எதனால் சாகப் போகிறோம் என்பதே நிச்சயமில்லாதவர்களுக்கு எப்போது சாகப் போகிறோம் என்பது மாத்திரம் எப்படி நிச்சயமாகத் தெரிந்தது? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தச் சிரிப்புக்கு ஒரு பிரயோஜனம் இருந்திருக்கும்.

மூன்றாவது வகையாரின் வாதந்தான் கொஞ்சம் கவனிக்கத்தக்கது. கதை என்பது பொய்தான்; அதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். கற்பனையை ஒழிக்கவேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் “இப்படி நடந்தால் என்னவாகும்?” என்று யோசிக்கச் சொல்லுவது ஒன்று, “இப்படித்தான் நடக்கப் போகிறது, நாளும் குறித்தாகிவிட்டது” என்று மிரட்டுவது இன்னொன்று. முன்னது கற்பனை. பின்னது புரட்டு.

இதற்கு ஒரு உதாரணம் சொல்லுவோம். 1961-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் வால் கெஸ்ட் என்பவர் ‘பூமி தீப்பற்றிய நாள்’ என்று பொருள்படும் பெயருள்ள ஒரு படத்தைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். ஆடம்பரம் ஒன்றுமில்லை, கதையின் பெரும்பகுதி லண்டனில் ஒரு பத்திரிகை ஆபீசுக்குள்ளேயே நடக்கிறது. அந்தப் பத்திரிகையின் ஆசிரியராக நடித்தவரும், ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ பத்திரிகைக்கு உண்மையிலேயே ஆசிரியராக இருந்தவர்தான். அமெரிக்காவும் ருஷ்யாவும் ஒரே சமயத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததால் பூமி நிலை தவறிச் சூரியனை நோக்கிப் போகிறது என்பது கதை. இதுவும் விஞ்ஞானப்படி நடக்கக்கூடியதல்ல. மனிதனிடமுள்ள குண்டுகளுக்குப் பூமியை அப்படி நகர்த்தும் சக்தி கிடையாது. ஆனால் அந்தப் படம் தேதி குறித்து மிரட்டவில்லை; கோயிலுக்கு ஓடச் சொல்லவில்லை. “உன் சர்க்கார் வெடிக்கிற குண்டுக்கு நீ என்ன பதில் சொல்லப் போகிறாய்?” என்று கேட்டது. அதே 1961 அக்டோபர் மாதத்தில்தான் ருஷ்யா அதுவரை யாரும் வெடிக்காத பெரிய குண்டை வெடித்தது. 1963-ல் ஆகாயத்திலும், விண்வெளியிலும், தண்ணீருக்கடியிலும் குண்டு வெடித்துப் பார்ப்பதில்லை என்று அந்த வல்லரசுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. படத்தினால்தான் ஒப்பந்தம் வந்ததென்று நாம் சொல்லவில்லை. மனிதன் செய்த கேட்டை மனிதனே நிறுத்த முடியும் என்ற எண்ணம் அந்தக் கற்பனையில் இருந்தது என்றுதான் சொல்லுகிறோம். 2012 பிரளயத்தில் மனிதனுக்கு என்ன வேலை இருக்கிறது? பயப்படுவதும் மண்டியிடுவதுந்தானே!

நிற்க, நாலாவது வகையாரிடம் வருவோம். மாயர் கணக்கில் “ஏதோ இருக்கிறது” என்கிறார்களே, என்ன இருக்கிறது? அவர்கள் 1,44,000 நாட்களை ஒரு பக்தூன் என்று கணக்கிட்டார்கள். அப்படிப் பதின்மூன்று பக்தூன் சேர்ந்தால் 18,72,000 நாட்கள், அதாவது சுமார் 5,125 வருஷம். அந்தச் சுற்று ஒன்று 2012 டிசம்பர் 21-ந் தேதி வாக்கில் முடிந்தது. அவ்வளவுதான். மோட்டார் வண்டியில் மைல் காட்டுகிற கருவியில் எல்லாம் ஒன்பதாகி மறுபடியும் பூஜ்யம் வந்தால் வண்டி வெடித்துவிடுமா? சுவரில் மாட்டிய காலண்டரில் டிசம்பர் 31-ந் தேதித் தாளைக் கிழித்த பிறகு வீடு இடிந்து விழுகிறதா? பலெங்கே என்ற ஊரில் மாயர்களே செதுக்கிவைத்த கல்வெட்டு ஒன்றில் கி.பி. 4772-ம் வருஷத்தில் வரும் ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. 2012-ல் உலகம் முடிந்துவிடும் என்று நினைத்தவன் 4772-க்கு எதற்காகக் கணக்குப் போட்டான்? அந்த ஜாதியாரின் சந்ததிகள் லட்சக்கணக்கில் குவாதமாலாவிலும் மெக்சிகோவிலும் இன்றும் பயிர்செய்து பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களுடைய பாட்டன் பேரில் பொய்யைக் கட்டி விற்றது எந்த யோக்கியதையைச் சேர்ந்தது?

துருவம் புரளுவதென்பதும் இப்படியே. பூமியின் காந்தத் துருவங்கள் இடம் மாறினதுண்டு. கடைசியாக முழுமையாக மாறியது சுமார் 7,80,000 வருஷங்களுக்கு முன். அப்படி மாறுவதற்கு ஆயிரக்கணக்கான வருஷங்கள் பிடிக்கும். அப்போதும் மனிதனுடைய மூதாதைகள் இந்தப் பூமியில் இருந்தார்கள். அழிந்து போயிருந்தால் இந்தப் படத்தை எடுக்க ஆளேது, பார்க்க ஆளேது?

“நம்பினால் நம்பிவிட்டுப் போகிறான், யாருக்கென்ன நஷ்டம்?” என்று கேட்பவர்களுக்கும் சொல்லுகிறோம். அந்த நாட்களில் பொதுஜனங்களின் கேள்விக்குப் பதில் எழுதிவந்த நாசாவின் விஞ்ஞானி டேவிட் மாரிசன் என்பவருக்கு ஆயிரக்கணக்கான கேள்விகள் வந்தன. உலகம் அழியுமுன் உயிரை விட்டுவிடலாமா என்று நினைப்பதாகச் சிறு வயதுப் பிள்ளைகளே எழுதியதாக அவர் சொன்னார். பிரான்சு தேசத்தில் புகராக் என்ற சின்னக் கிராமத்து மலைதான் தப்பிக்கிற இடம் என்று வதந்தி கிளம்பி, சர்க்கார் அந்த மலைக்கு யாரும் போகக்கூடாதென்று தடுக்க வேண்டியதாயிற்று. சீனாவில் பிரளய வதந்தியைப் பரப்பியதாகச் சுமார் 1,000 பேர் பிடிக்கப்பட்டார்கள். இவ்வளவுக்கும் ஒரு படமே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் புஸ்தகக்காரனும், ஜோசியக்காரனும், சினிமாக்காரனும் ஆளுக்கொரு சுள்ளி போட்டு எரித்த நெருப்பு அது. அறியாத பிள்ளை நடுராத்திரியில் விழித்துக்கொண்டு அழுததற்கு அவர்களில் ஒருவனாவது பொறுப்பேற்றானா?

டிசம்பர் 21-ந் தேதி வந்தது, போயிற்று. 22-ந் தேதி சூரியன் வழக்கம்போல் உதித்தது. டிக்கெட்டுப் பணத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை, புளுகினதற்கு வெட்கப்படவுமில்லை. நிபிரு என்ற இல்லாத கிரகம் 2003-ல் பூமியில் மோதும் என்று முன்பு சொன்னார்கள். அந்த வருஷம் சும்மா போனதும் அதே கிரகத்தை 2012-க்குத் தள்ளிவைத்தார்கள். வாய்தா வாங்குவதில் நம் கோர்ட்டு வக்கீல்கள்கூட இவர்களிடம் பாடம் படிக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே! படம் பார்க்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தாராளமாகப் பாருங்கள், மட்டமான படமாயிருந்தால் வயிறு குலுங்கச் சிரியுங்கள். ஆனால் அபிப்பிராயம் சொல்லும்போது பொம்மை மாளிகை சரியாக இடிந்ததா என்பதோடு நின்றுவிடாதீர்கள். இதைச் சொன்னவன் யார், அவனுக்கு எப்படித் தெரிந்தது, குறித்த நாள் பொய்யாய்ப் போனால் அவன் என்ன இழப்பான் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். கூடவே உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகளுக்கும் அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுங்கள். அடுத்த பிரளயத்துக்கு நாள் குறிக்க ஒருவன் எங்கேயாவது இப்போதே பேனாவை எடுத்திருப்பான். அவனிடம் பயந்து அறிவை அடகு வைப்பதா, அல்லது இந்த மூன்று கேள்விகளால் அவன் கடையை மூடுவதா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ள வேண்டுகிறோம்.