கொழுந்தனார் கணக்கில் விற்கலாமா?

கேள்வி: ஒரு ஏக்கரில் மல்லாட்டை போடுகிறோம். ஆரணியில் பட்டுத் துண்டுத் துணி வாங்கி வந்து, ஓய்வு நேரத்தில் சுருக்குப் பை தைக்கிறேன். இதுவரை வாட்ஸ்அப்பில் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். இனி ஆன்லைன் கடையில் விற்க ஆசை. “ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் முடியாது, என் கணக்கில் விற்றுத் தருகிறேன்” என்கிறார் கொழுந்தனார். “விவசாயக் குடும்பத்துக்கு ஏது வரி?” என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, போளூர் வட்டம்

பதில்: இருவர் சொல்வதும் பாதிதான் சரி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் பழைய புடவையை ஒருமுறை விற்பது வியாபாரம் ஆகாது. விற்பதற்கென்றே துணி வாங்கி, தொடர்ந்து பை தைத்தால் அது வியாபாரம். மாதம் பத்துப் பை விற்றாலும் அப்படித்தான்.

கொழுந்தனார் சொல்வது பழைய விதி. முன்பு ஆன்லைன் தளம் வழியாகப் பொருள் விற்க, விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்த்தப்பட்டுள்ளது. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் பதிவு தேவையில்லை. பான் எண்ணையும் தொழில் செய்யும் முகவரியையும் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தெரிவித்து, சேர்க்கை எண் ஒன்று பெற்றால் போதும்.

பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்தால் நிலைமை வேறு. தளம் வழியாக வெளிமாநிலத்துக்கு அனுப்ப ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். நீங்களே நேரடியாக அனுப்பும் சில கைவினைப் பொருள்களுக்குச் சலுகை உண்டு. உங்கள் பை அந்தப் பட்டியலில் வருமா என்று வணிகவரி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். அதுவரை தளத்தில் தமிழ்நாட்டு ஆர்டரை மட்டும் எடுங்கள்.

அடுத்து வீட்டுக்காரர் சொல்வது. நிலத்தில் விளைந்த மல்லாட்டைக்கு வருமான வரி இல்லை. பை தைத்து வரும் பணம் விவசாய வருமானம் ஆகாது. மல்பெரி வளர்த்துப் பட்டுக்கூடு விற்கும் வருமானத்தையே விவசாய வருமானமாக ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பயப்பட வேண்டாம், உங்கள் வருமானம் வரம்பைத் தாண்டினால்தான் வரி. ஆனால் வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். துணி, நூல், பொட்டலம், தபால் செலவோடு உங்கள் கூலியையும் சேர்த்து எழுதுங்கள். பலர் தங்கள் கூலியை எழுதுவதில்லை. நஷ்டத்துக்கு விற்பதும் தெரிவதில்லை.

கொழுந்தனார் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் அவர் கணக்கில் விற்காதீர்கள். பணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போகும். விற்பனை அவர் வரிக் கணக்கில் ஏறும். பை திரும்பி வந்தாலும், புகார் வந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நாளை நீங்கள் தையல் இயந்திரத்துக்குக் கடன் கேட்டால், இரண்டு வருடம் விற்றதற்கு உங்கள் பெயரில் ஒரு சீட்டுகூட இருக்காது. பான் அட்டை, வங்கிக் கணக்கு, விற்பனைக் கணக்கு மூன்றும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவையும் செய்துவிடுங்கள். அரசு இணையதளத்தில் அது முற்றிலும் இலவசம்.

கடைசியாக, பெயர் விஷயம். ‘ஆரணிப் பட்டு’ புவிசார் குறியீடு பெற்ற பெயர். விசைத்தறித் துணியையோ கலப்புத் துணியையோ அந்தப் பெயரில் விற்றால், பாதிக்கப்படுவது அங்கே கைத்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர்தான். துணி வாங்கும்போதே பில் வாங்கி வையுங்கள். அது என்ன துணியோ அதையே விளம்பரத்தில் எழுதுங்கள். ‘சில்க் மார்க்’ முத்திரையை அனுமதி பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம்.

முதல் வேலையாகப் பான் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பைகளின் படத்தைத் தளத்தில் ஏற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.