மூலக் குரலைக் காக்கும் கோப்பு

ஜப்பானிய அசைவூட்டப் படங்களை உலகம் இன்று அனிமே என்ற பெயரால் அறிகின்றது. அவற்றை மொழிமாற்றுக் குரலுடன் கண்டு மகிழும் இளைஞர் கூட்டம் நம் கல்லூரி வளாகங்களிலும் பெருகி வருகின்றது. 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' என்னும் படம் தமிழ்க் குரலுடனேயே திரையரங்குகளுக்கு வந்தது என்றால், இவ்விருப்பத்தின் அளவு விளங்கும். இத்தகைய படம் ஒன்றின் கோப்பினைத் தேர்ந்தெடுக்க முற்படுவோர் கேட்கும் முதற் கேள்வி, '1080பியா, 4கேயா?' என்பதே. கேள்வி தவறன்று, முதலில் கேட்கத்தக்கதன்று என்பதே நம் கருத்து. 'மூலக் குரல் இக்கோப்பில் உடன் இருக்கின்றதா?' என்னும் வினாவே மொழிமாற்றுப் படத்திற்கு முற்பட வேண்டும் என்போம்.

எண்ணின் மயக்கத்தை முதலில் தெளிவோம். 720பி எனில் அகலத்தில் 1280, உயரத்தில் 720 படப்புள்ளிகள், ஆக 9,21,600. 1080பி எனில் 20,73,600. 4கே எனில் 82,94,400. புள்ளி மிகுந்தால் படம் தெளியும் என்பது பொது விதி. ஆயின் அப்புள்ளிகளை நிரப்பும் அளவுக்கு மூலத்தில் நுணுக்கம் இருந்ததா என்பதை எண் சொல்வதில்லை. 1988இல் வெளிவந்த கட்சுஹிரோ ஓட்டோமோவின் 'அகிரா', கண்ணாடித்தாள்களில் கையால் வரையப்பட்டு, 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்டது. அச்சுருளில் நுணுக்கம் உறைந்து கிடந்தமையால் 2020இல் அதனை 4கே அளவில் புதுப்பித்து வெளியிட்டபோது உண்மையிலேயே பயன் கிட்டியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டிக் கணினியில் வண்ணந்தீட்டும் முறைக்கு நிலையங்கள் மாறின. அதன்பின் எடுக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடர்கள் பல, 1080க்கும் குறைந்த அளவிலேயே உருவாக்கப்பட்டுப் பின்னர் பெரிதாக்கப்பட்டவை. (கையால் வண்ணந்தீட்டும் பழைய முறையை 'சசாயே-சான்' என்னும் தொடர் 2013 வரை விடாது கடைப்பிடித்தது என்பதை இங்கே மகிழ்ச்சியுடன் குறிப்பிடுகிறோம்.) பெரிதாக்கப்பட்ட அத்தொடர்களுக்கு 4கே எனப் பெயரிட்டு வழங்குவது, கைக்குட்டையை இழுத்து வேட்டியாக்க முயல்வது போன்றதே.

எண் ஒன்றாக இருந்தாலும் தரம் ஒன்றாக இருப்பதில்லை. நொடிக்கு எத்தனை பிட் செலவிடப்படுகின்றது என்பதைப் பொறுத்தே படத்தின் நலம் அமைகின்றது. 24 நிமிடப் பகுதி ஒன்றினை நொடிக்கு 5 மெகாபிட் வீதம் பதிந்தால் 900 மெகாபைட் ஆகும். 1 மெகாபிட் வீதமெனில் 180 மெகாபைட்டில் அடங்கிவிடும். இரண்டின் நெற்றியிலும் 1080பி என்றே எழுதியிருக்கும்! பிந்தியதைக் காட்டிலும், போதிய பிட் பெற்ற 720பி கோப்பு கண்ணுக்கு இதமாக இருத்தல் கூடும். அனிமே படங்களில் இக்குறை விரைந்து வெளிப்படும். கூரிய கோடுகளைச் சுற்றிக் கொசு மொய்த்தாற்போல் இரைச்சல் தோன்றும். அந்திவானம் செம்மையிலிருந்து கருமைக்கு மெல்ல மாறவேண்டிய இடத்தில் பட்டை பட்டையாகப் படிக்கட்டு விழும். ஒரு வண்ணத்திற்கு 256 படிநிலைகளே தரும் 8 பிட் முறையை விடுத்து, 1024 படிநிலைகள் தரும் 10 பிட் முறையினை அனிமே ஆர்வலர் நாடியது இதனாலேதான். 2003இல் வந்த எச்.264 சுருக்க முறையைவிட 2013இல் வந்த எச்.265 ஏறத்தாழப் பாதி இடத்தில் அதே தரத்தைத் தரவல்லது. பழைய கருவிகள் அதனை ஓட்ட இயலாமல் திணறுவதும் உண்டு. கைப்பேசியின் சிறு திரையில் பார்ப்போர்க்கு நல்ல 720பி போதுமானது.

இனிக் குரலுக்கு வருவோம். எம்.கே.வி., எம்.பி.4 என்பன சுருக்க முறைகள் அல்ல. படம், ஒலி, சப்டைட்டில் எனப்படும் அடியெழுத்து ஆகியவற்றை ஒருசேரப் பொதிந்து வைக்கும் பெட்டிகள். எம்.கே.வி.யின் முழுப்பெயர் மட்ரோஸ்கா. ஒன்றனுள் ஒன்றாகப் பொம்மைகளை அடக்கிய ரஷ்யப் பொம்மையின் பெயரைத் தழுவி 2002இல் அப்பெயர் இடப்பட்டது. ஜப்பானியக் குரல், ஆங்கிலக் குரல், தமிழ்க் குரல், பல மொழி அடியெழுத்துகள், அவற்றுக்குரிய எழுத்துருக்கள் யாவும் அதனுள் இருக்கலாம். எம்.பி.4 பெட்டியும் பல ஒலித்தடங்களைத் தாங்கும். அழகுபடுத்திய அடியெழுத்துகளைக் கையாள்வதில் அது பின்தங்குகின்றது. ஆகவே வசதி இல்லாமையால் மூலக் குரல் நீக்கப்படுவதில்லை, கருத்தின்மையாலேயே நீக்கப்படுகின்றது. நொடிக்கு 128 கிலோபிட் வீதம் ஒரு குரல்தடம் 24 நிமிடத்திற்குப் பிடிக்கும் இடம் வெறும் 23 மெகாபைட்! நூற்றுக்கணக்கான மெகாபைட்டைப் படத்திற்கு வாரி வழங்குவோர் இந்த 23ஐச் சேமிக்க எண்ணுவது நமக்கு வியப்பாக இருக்கின்றது.

மூலத்தை இழந்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. ஹயாவோ மியாசாகி 1984இல் இயக்கிய 'நௌசிக்கா' படம், மறு ஆண்டு அமெரிக்காவில் 'வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்' எனப் பெயர் மாறி வந்தது. இருபது நிமிடத்திற்கும் மேற்பட்ட பகுதி வெட்டி எறியப்பட்டது. கதைத்தலைவி நௌசிக்கா, சாண்ட்ரா ஆக்கப்பட்டாள். அங்கே அதனைப் பார்த்தவர்க்கு எது போயிற்று என்று ஒப்பிட்டறிய வழியில்லை. கையிலிருந்தது ஒரே குரல், ஒரே வடிவம். வெட்டுப்படாத படம் முழுமையான ஆங்கிலக் குரலுடன் அமெரிக்கச் சந்தைக்கு வர 2005 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒளிநாடாக் காலத்தில் மொழிமாற்றுப் படிக்கு ஒரு நாடா, அடியெழுத்துப் படிக்கு வேறொரு நாடா எனத் தனித்தனியே விற்றனர். அடியெழுத்துப் படியின் விலை பெரும்பாலும் கூடுதல். 1996இல் ஜப்பானில் டி.வி.டி. வந்தபின்னரே எட்டு ஒலித்தடங்களும் முப்பத்திரண்டு அடியெழுத்துத் தடங்களும் ஒரே தட்டில் இடம்பெறும் வாய்ப்புப் பிறந்தது. அரும்பாடுபட்டுக் கிடைத்த அந்த வசதியை இன்று ஒற்றைக் குரல் கோப்பு நாமே கைவிடச் செய்கின்றது.

மொழிமாற்றுக் குரலை நாம் குறைத்து மதிப்பவரல்லர். அடியெழுத்தை வாசிக்க இயலாத சிறாரும் பார்வை மங்கிய முதியோரும் பிறமொழிப் படத்தைத் துய்ப்பது அதனாலன்றோ? குரல் கொடுப்போரின் உழைப்பும் சிறிதன்று. 'அகிரா' படத்தில் நடிகர்களின் குரலை முன்னரே பதிவுசெய்து, அதற்கேற்ப வாயசைவுகளை வரைந்தனர். ஜப்பானிய உச்சரிப்புக்கென்றே திறந்து மூடும் அவ்வுதடுகளுக்குப் பிறமொழிச் சொற்களைப் பொருத்துவோர் படும் பாட்டை மொழிபெயர்ப்புப் பயிலும் நம் மாணவர் நன்கு உணர்வர். அத்திறத்தை அளந்தறியவும் மூலம் அருகிருத்தல் வேண்டுமன்றோ? திருக்குறள் மொழிபெயர்ப்புகளுள் மூலத்தையும் உடன் அச்சிட்ட பதிப்பையே ஆய்வோர் விரும்புவது எதனால்?

அடியெழுத்திலும் ஒரு நுட்பம் உண்டு. சில கோப்புகளில் மொழிமாற்று வசனத்தையே அப்படியே எழுத்தாக்கி வைத்திருப்பர். ஜப்பானியக் குரலைக் கேட்டவாறு அதனைப் படிப்போர், மூலத்தின் மொழிபெயர்ப்பைப் படிப்பதாக எண்ணி ஏமாறுவர். மொழிமாற்றுக் குரலில் பார்க்கும்போதும் கடைப் பலகை, கடிதம், பாடல் ஆகியவற்றை மட்டும் விளக்கும் தனி அடியெழுத்துத் தடம் தேவை. அஃதில்லையேல், கதையின் முடிச்சை அவிழ்க்கும் கடிதம் திரையில் தோன்றி மறைய, நாம் விழித்துக்கொண்டிருப்போம்.

தமிழ் அடியெழுத்துக்கு மேலும் ஓர் இடர் உண்டு. எஸ்.ஆர்.டி. என்னும் எளிய உரைக்கோப்பினை யூ.டி.எஃப்-8 குறியேற்றத்தில் சேமித்தல் வேண்டும். சேமித்தாலும், இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத ஓட்டியில் கொம்பு முன்னே வாராமல் பின்னே நிற்கும். 'கொ' மூன்று துண்டாகச் சிதறும். எழுத்து வடிவைப் படமாகவே பதிந்துவைக்கும் டி.வி.டி. அடியெழுத்தில் இச்சிக்கல் எழுவதில்லை.

உரிமை பெறாத படிகளை வாங்குவதையோ பகிர்வதையோ நாம் ஒருபோதும் பரிந்துரையோம். உரிமையுடன் விற்கப்படும் தட்டுகளில் உறையின் பின்புறமே ஒலித்தடங்களின் மொழிகள் அச்சிடப்பட்டிருக்கும். இணையவழிச் சேவைகளில் ஒலியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் திறந்தால் ஜப்பானிய மொழி உண்டா இல்லையா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். கோப்பாயின், வி.எல்.சி. போன்ற ஓட்டியில் திறந்து, ஒலித்தடப் பட்டியலைப் பார்த்தபின் பிரிதிறன் எண்ணைப் பார்க்கலாம்.