கேடயம் வகுக்கும் போர்: அறிவியல் புனைகதைத் திறனாய்வில் இரு பிழைநோக்குகள்

அறிவியல் புனைகதைகளில் இடம்பெறும் போர்களைப் பற்றித் திறனாய்வாளரிடையே இரு கருத்துகள் வழங்கி வருகின்றன. விண்கலம் செல்லும் காலத்தில் வாளேந்திப் போரிடுவது பழைய வீரயுகக் கனவின் எச்சமே என்பது ஒன்று. இத்தகைய படைக்கலன்கள் இதிகாசங்களிலேயே உள்ளமையால் இவ்வகைக்கெனப் புதுமை யாதும் இல்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஏற்புடையன அல்ல. படைக்கலனைக் கண்டவர்கள் அதனை ஆளும் விதியைக் காணாது விட்டமையே இப்பிழைக்குக் காரணம்.

வாள் திரும்பியது ஏன்?

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' (1965) புதினத்தில் வீரர்கள் அணியும் ஆற்றல் கேடயம் விரைந்து வரும் பொருளைத் தடுக்கும். மெல்லப் புகும் கத்தியைத் தடுக்காது. எனவே துப்பாக்கி பயனிழக்கிறது. ஒளிக்கற்றைக் கருவியால் கேடயத்தைத் தாக்கினால், எய்தவனையும் அழிக்கவல்ல அணுகுண்டு நிகர்த்த வெடிப்பு நேரலாம். ஆகவே வாட்பயிற்சி மீள்கிறது. தற்காப்பில் விரைவும் தாக்குதலில் நிதானமும் வீரனின் இயல்பாகின்றன.

இவ்விதி எத்துணை உறுதியாகப் பின்பற்றப்படுகிறது என்பதற்குப் பால், ஜாமிஸ் என்போரிடையே நிகழும் தனிப்போர் சான்றாகும். இருவரிடமும் கேடயம் இல்லை. எனினும் கேடயப் போரில் பழகிய பாலின் கை, குத்தும் நொடியில் தயங்குகிறது. அவன் எதிரியோடு விளையாடுகிறான் எனச் சூழ நிற்போர் பிறழ உணர்கின்றனர். கருவி உடலைப் பழக்கியுள்ளமை இங்குப் புலனாகிறது.

பாலைநிலத்தில் கேடயம் மணற்புழுக்களை வெறியூட்டி ஈர்க்கும். ஆதலின் அங்கு அது காப்பன்று, கேடு. கேடயமின்றிப் போரிடப் பழகிய ஃபிரெமன் மக்களின் வலிமைக்கு இதுவும் ஒரு காரணம். வழக்கொழிந்ததெனக் கருதப்பட்ட பீரங்கியை ஹார்க்கோனன் படை மீண்டும் கொணர்ந்து, குகைகளில் ஒதுங்கியோரை உள்ளே அடைத்துவிடுகிறது. இவை யாவும் ஒரே விதியின் விளைவுகள். வீரயுகக் கனவு எனும் சொல் இவற்றுள் ஒன்றையேனும் விளக்காது.

வியட்நாம் போரில் பணியாற்றிய ஜோ ஹால்டுமன் எழுதிய 'தி ஃபாரெவர் வார்' (1974) இதனை மேலும் தெளிவாக்கும். அதன் இறுதிப் போர் நிகழும் புலத்தினுள் எப்பொருளும் நொடிக்கு 16.3 மீட்டருக்கு மேல் விரைந்து செல்ல இயலாது. எனவே வில்லும் வாளும் எடுக்கப்படுகின்றன. ஆயின் அங்கு வீரப்புகழ்ச்சி இல்லை. சோர்வும் பொருளின்மையுமே உள்ளன. வாள் இருப்பதாலேயே படைப்பு பழமை போற்றுவதாகிவிடாது என்பதற்கு இஃதொன்றே போதும்.

கவசமும் கேடயமும்

இனி, இதிகாச ஒப்புமையை நோக்கலாம். கர்ணனின் கவசம் பிறப்போடு வந்தது, பிறர் பெறவியலாதது. அதனை அகற்றியது எதிரியின் படைக்கலன் அன்று. இரந்து வந்த இந்திரனுக்கு மறுக்காத கொடைப்பண்பு. பரசுராமரின் சாபத்தால் உரிய வேளையில் அவனது அத்திரமும் நினைவிற்கு வருவதில்லை. ஆங்குக் கருவியின் எல்லையை வரத்தோடும் சாபத்தோடும் அறமும் சேர்ந்தே வகுக்கின்றன. 'டூன்' காட்டும் கேடயமோ அணிபவன் யாவனாயினும் ஒன்றுபோலவே இயங்கும். நல்லோனுக்கும் தீயோனுக்கும் வேறுபாடு காட்டாது. மணற்புயலின் மின்னூட்டம் தாக்கும்போது பேரரசனின் படைக்குரிய கேடயமும் செயலிழக்கிறது. இவ்வேறுபாட்டை மறைத்து இரண்டையும் ஒன்றெனக் கொள்வது இதிகாசத்திற்கும் பெருமை சேர்க்காது, புனைகதையையும் விளக்காது.

எல்லாப் படைப்புகளும் இவ்வளவு உறுதி உடையன அல்ல என்பதும் உண்மை. 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் ஒளிவாள், அதனை ஏந்துவோனின் தனியாற்றலைச் சார்ந்தது. முதற்கருத்து அதற்கு ஓரளவு பொருந்தும். ஆயின் ஒன்றிற்குப் பொருந்துவதை வகைமை முழுமைக்கும் ஏற்றுவது ஆய்வு நெறியன்று.

முடிவுரை

படைப்பிலுள்ள கருவிகளைப் பட்டியலிட்டு 'அறிவியல் கூறுகள்' எனத் தலைப்பிடுவதோடு ஆய்வு நிறைவுறாது. கேடயம் எதனைத் தடுக்கிறது, எதனைத் தடுக்கவில்லை, அதனால் எவர் வலிமை பெறுகின்றனர், எவர் இழக்கின்றனர் என்னும் வினாக்களே முதலில் எழுப்பப்பட வேண்டும். தமிழ் அறிவியல் புனைகதைகளை மதிப்பிடுவோர்க்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.