என்ன தொழில் என்று கேட்க வேண்டாமா?

கைகால் ஓய்ச்சல், தலைச்சுற்றல், முகம் வெளிறுதல் என்று ஆலங்காயம் வட்டாரத்து மாதர் வைத்தியரிடம் போனால், பெரும்பாலும் இரும்புச் சத்து மாத்திரையோடு திரும்புகின்றனர். அது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள மாதருள் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தச் சோகை உடையவர்கள். அவர்களுள் பலருக்கு மாத்திரையும் நல்ல உணவுமே போதும். ஆயினும் எல்லாச் சோகையும் ஒரே சோகை அன்று.

ஒருவருக்கு இரத்தக் கோளாறு நேரக்கூடுமா என்று முன்கூட்டியே மதிப்பிட விரும்பும் வைத்தியர், அவருடைய உணவையும் குலவழியையும் தொழிலையும் அறிந்தாக வேண்டும். உணவைக் கேட்கிறார்கள். குலவழியையும் சிலர் கேட்கிறார்கள். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் நம்மிடையே அது மிகவும் அவசியமான கேள்வி. தலசீமியா என்னும் பரம்பரைக் கோளாற்றின் கூறு கணவன், மனைவி இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு. மணத்துக்கு முன் ஓர் இரத்தச் சோதனை அதைக் காட்டிவிடும். தொழிலைத்தான் கேட்பாரில்லை.

இத்தாலிய வைத்தியர் ராமாசீனி 1700ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, நோயாளியிடம் “உன் தொழில் யாது?” என்றும் கேட்க வேண்டும் என வற்புறுத்தினார். முந்நூறு ஆண்டு கடந்தும் அக்கேள்வி நம் ஊர்களுக்கு வந்து சேரவில்லை.

நம் அங்கத்தினரின் வீடுகளை எண்ணிப் பாருங்கள். தறியும் நிலமும் போதாமல், மகளோ மருமகளோ ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ஷூ வேலைக்குப் போகிறாள். சிலர் மேற்பாகங்களை வீட்டிற்கே கொண்டுவந்து தைக்கின்றனர். தோலை ஒட்டும் பசையை எல்லோரும் ‘சொல்யூஷன்’ என்கிறார்கள். அதை இளக்கி வைத்திருக்கும் திரவம் ஆவியாகி மூச்சோடு உட்செல்கிறது. அத்தகைய திரவங்களுள் பென்சீன் என்பது கொடியது. அது எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய மூன்றையும் குறைக்கும். சிலருக்குப் பல ஆண்டு கழித்து இரத்தப் புற்றுநோயாகவும் முடியும். ஸ்வீடனில் சைக்கிள் டயர் செய்த இளம் பெண்கள் இதனால் மாண்டதை 1897இல் சாண்டெஸ்ஸன் எழுதினார். இஸ்தான்புல் நகரத்து வைத்தியர் அக்சோய், பென்சீன் பசையில் உழன்ற சுமார் 28,500 காலணித் தொழிலாளரிடையே 26 பேருக்குக் கடுமையான இரத்தப் புற்றுநோயோ அதன் முன்னிலையோ கண்டதாக 1974இல் வெளியிட்டார். அங்கே பென்சீனை விலக்கிய பின் அந்நோய் குறைந்தது.

நம் பக்கத்துப் பசை டப்பாக்களில் பென்சீன் இருக்கிறது என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று பசை தடவுகிறவளுக்குத் தெரியாது என்பதே நம் குறை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பென்சீன் நஞ்சேறுதலை அறிவிக்கத்தக்க நோய்களுள் ஒன்றாக வைத்தது. 1971இல் நிறைவேறிய சர்வதேசப் பென்சீன் உடன்படிக்கையை இந்தியா 1991இல் ஏற்றது. ஆனால் தொழிற்சாலைக்கென எழுதிய சட்டம் வீட்டுத் திண்ணை வரை எட்டுமா?

உழவரும் விலக்கல்லர். லிண்டேன் என்னும் பூச்சிமருந்து நிணநீர்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2015இல் முடிவு கூறியது. நம் நாட்டில் அது தடையான பின்னும், அதைத் தெளித்த கைகள் இன்னும் இருக்கின்றன.

சங்கக் கணக்குகளைப் பார்க்கும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு நாள் ரொக்க இருப்பைக் கண்டு சங்கத்தின் நிலையைச் சொல்லமாட்டோம். ஐந்தாண்டுப் பேரேட்டைப் புரட்டுவோம். இரத்தமும் அவ்வாறே. வெள்ளணு 4,000 முதல் 11,000 வரை இருந்தால் சரியென்று சீட்டில் எழுதிவிடுவர். ஆனால் முன்பு 9,000 இருந்தவளுக்கு ஆண்டுக்காண்டு இறங்கி 4,500 ஆகியிருந்தால், அதையும் ‘சரி’ என்று விடலாமா? பழைய சீட்டு கையில் இருந்தாலன்றி எந்த வைத்தியரும் இதைக் காண முடியாது. நம்மவரோ பழைய சீட்டில் வேர்க்கடலை மடிக்கிறோம்!

ஆகவே, ஒவ்வோர் அங்கத்தினர் குடும்பத்துக்கும் சங்கம் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டுத் தர வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். வீட்டில் யார், எந்த ஆண்டு முதல், என்ன வேலை செய்தார், எதைக் கையாண்டார் என்று ஒரு பக்கம். இரத்தச் சோதனை எண்களுக்கு ஒரு பக்கம்.

இது சங்கத்தின் வேலையா என்று சில காரியதரிசிகள் கேட்பர். வைத்தியச் செலவுக்கு அடகு வந்த நகைகளை எண்ணிப் பார்த்தபின் கேட்கட்டும். பெண்ணுக்கு நோய் என்று எழுதி வைத்தால் வரன் தட்டிப்போகும் என்று பெற்றோர் அஞ்சுவது வேறு. அந்த அச்சம் நியாயமானது. அபாயம் உண்டென்பது வேறு, நோய் உண்டென்பது வேறு. ஊர் வாய் அந்த வேற்றுமையைப் பார்க்காது. எனவே புத்தகம் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். சங்க அலுவலகத்தில் நகல் வேண்டாம். அச்சுச் செலவைப் பொதுநல நிதியிலிருந்து எடுப்பதற்கான தீர்மானத்தை வரும் பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்களே கொண்டுவரலாம். அதுவரை, பசை வேலைக்குப் போகும் பெண் வைத்தியரிடம் சென்றால், அவர் கேட்காவிட்டாலும் தன் வேலையைத் தானே சொல்லட்டும். அணுக்கள் அனைத்தையும் எண்ணும் முழு இரத்தச் சோதனை வேண்டுமா என்றும் கேட்கட்டும்.