சொல்லும் பொருளும்: நாகரிகம்



இம்முறை நாம் எடுத்துக்கொள்ளும் சொல் "நாகரிகம்". ஜேர்மனிக்குப் புதிதாக வந்த குடும்பங்களின் காதில் அடிக்கடி விழும் சொல். முள்ளுக்கரண்டி பிடிக்கத் தெரியாவிட்டால் நாகரிகம் இல்லை. பஸ்ஸில் உரத்துக் கதைத்தால் நாகரிகம் இல்லை. இப்படிச் சொல்பவர்கள் பல வேளைகளில் வெள்ளைக்காரர் அல்லர். எங்களுக்குச் சில வருடம் முந்தி வந்த எங்கள் ஆட்களேதான்!

சொல் எங்கிருந்து வந்தது? வடமொழியில் "நகர" என்றால் பட்டினம். தர்மம் என்பதிலிருந்து தார்மிகம் வந்ததுபோல, நகரம் முதலெழுத்து நீண்டு நாகரிகம் ஆயிற்று. பட்டினத்தாருக்கு உரியது என்பது பொருள். (பலர் "நாகரீகம்" என்று எழுதுகிறோம். "ரி" குறில்தான் சரி.)

டொச்சிலும் கதை இதேதான். மரியாதையானவரை "ஹோஃப்லிஷ்" என்பார்கள். "ஹோஃப்" என்பது அரசவை. அரசவையில் பழகத் தெரிந்தவன் என்பது அதன் அடி. அழகானது என்று சொல்லும் "ஹுப்ஷ்" என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததே. ஆக, அங்கே அரசவை, இங்கே பட்டினம். இரண்டிலும் தோட்டக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் இடமில்லை.

ஆனால் எங்கள் முன்னோர் அந்தச் சொல்லைப் பட்டினத்தோடு விட்டுவிடவில்லை. நற்றிணை 355ஆம் பாட்டிலும், திருக்குறள் 580ஆம் குறளிலும் இச்சொல் வருகிறது. பழகியவர் நஞ்சைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் உண்பவரையே இரண்டும் நாகரிகர் என்கின்றன. வள்ளுவர் அதை வைத்த அதிகாரம் "கண்ணோட்டம்". அதாவது இரக்கம், தாட்சணியம். பரிமேலழகரும் அந்த இடத்தில் நாகரிகத்துக்குக் கண்ணோட்டம் என்றே பொருள் சொல்கிறார். கரண்டியும் இல்லை, கழுத்துப்பட்டியும் இல்லை. அடுத்தவர் மனம் நோகாமல் நடப்பதே நாகரிகம்.

நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் நடந்ததைக் கேளுங்கள். ஊரில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி உண்டு. இங்கே இரண்டுதான்: "டூ", "ஸீ". எங்கள் காதுக்குத் திட்டுவதுபோல் கேட்கும் "ஸீ"தான் மரியாதைச் சொல்! புதிதாக வந்த தம்பி ஒருவர் மேலாளரை "டூ" என்றுவிட்டார். பக்கத்தில் நின்ற எங்கள் ஆள் எல்லாருக்கும் கேட்கச் சிரித்தார். அடுத்த மெஷினில் நின்ற வயதான துருக்கிக்காரர் சிரிக்கவில்லை. இடைவேளையில் தம்பியைத் தனியே கூப்பிட்டு, எவரிடம் எதைச் சொல்வது என்று மெல்லக் காட்டிக்கொடுத்தார். இருவரில் நாகரிகர் யார்?

வீட்டிலும் இதை யோசிப்போம். டொக்டரிடமும் கந்தோரிலும் எங்கள் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர். அப்பா அம்மாவின் டொச் பிழைத்தால் சில பிள்ளைகள் வெட்கத்தில் தலைகுனிகிறார்கள். பிழையை வீட்டுக்கு வந்து திருத்தலாம், பிறர் முன்னால் வேண்டாம் என்று சொல்லிக்கொடுப்போம். நாங்களும் பிள்ளையின் தமிழ் பிழைத்தால் விருந்தாளி முன் பகிடி பண்ணாமல் இருப்போம்.

இந்த நாட்டு முறைகளை நாங்கள் கட்டாயம் பழகவேண்டும். நேரத்துக்குப் போவதும், வரிசையில் நிற்பதும் நல்ல பழக்கங்கள். அவற்றைப் பழகச் சில மாதம் போதும். மற்றப் பெரிய நாகரிகத்தை ஊரிலிருந்து வரும்போதே கொண்டு வந்திருக்கிறோம். அதைத் தொலைக்காமல் இருந்தால் சரி.